எண்ணெய் தேய்த்துக்கொண்ட சங்கம்

“...எண்ணெய் தேய்க்கத் தெரிஞ்சுது, ஊர்வலம் போகத் தெரிஞ்சுது, பாட்டுப் பாடத் தெரிஞ்சுது. அருவியில தண்ணி விழுதான்னு ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரணும்னு மட்டும் இத்தனை படிச்சவுகள்ல ஒருத்தருக்குமா தோணல, தம்பி?”

என் மதினி, அதாவது அண்ணன் மனைவி செண்பகம், எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று இப்படிக் கேட்டாள். திட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள்போலக் கேட்டாள். (திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.) அவள் முன்னால், உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, அதன்மேல் சாலைப் புழுதி படிந்து, புழுதியின்மேல் புளிய இலை ஒட்டி, இருபது பேருக்குக் குறையாமல் நின்றுகொண்டிருந்தோம். நடுவில் பல்கலைக்கழகத்துத் தர்க்கப் பேராசிரியர். எங்கள் எல்லாரையும்விட அவருக்கு உடம்பு பெரிது. ஆகவே இலையும் அவர்மேல்தான் அதிகம்.

சங்கம் ஆரம்பிக்கிற ஆசை ஒருவனுக்கு வந்துவிட்டால் அவன் வீட்டார் அவனைக் கட்டிப்போட்டுவிடுவது நல்லது. என்னை யாரும் கட்டிப்போடவில்லை.

அப்போது வெள்ளைக்காரன் காலம். இரண்டாவது பெரிய சண்டை தொடங்கச் சில வருஷங்கள் இருந்தன. தென்காசியிலிருந்து ஒரு ராத்திரி ரயிலில் போகிற தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் என்னை இண்டர்மீடியட்டில் சேர்த்திருந்தார்கள். (சேர்த்ததுதான் அவர்கள் செய்த காரியம். தேறுகிற காரியத்தை நான் கடைசிவரை செய்யவில்லை. பிறகு ஊருக்கு வந்து நெல் வியாபாரத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்சத்தையும் வருகிறவர் போகிறவர் பேசக் கேட்டே சேர்த்துக்கொண்டேன்.) அங்கே பேச்சுக் கழகம் இருந்தது, இங்கிலீஷில் பேச வேண்டும். டென்னிஸ் கழகம் இருந்தது, கால்சட்டை வேண்டும். நாடகக் கழகத்தில் மட்டும் என்னைச் சேர்த்துக்கொண்டு, ஈட்டியைக் கையில் கொடுத்து ராஜாவுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். முதல் நாளே நான் தும்மினேன். ராஜா திரும்பிப் பார்த்துத் தன் வசனத்தை மறந்தார். அத்தோடு அதுவும் போயிற்று.

எனக்கென்று இருந்தது குற்றாலம் ஒன்றுதான். விடுதியில் குளிப்பதற்கு ஒரே தொட்டி. ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர், அதிலும் பாதியில் வாளியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு தினம் காலையில் நான் குற்றாலத்தைப் பற்றிப் பேசுவேன். “எங்க ஊர்ல தண்ணி வந்து தலையில அறையும். நீ குளிக்க வேண்டாம், அதுவே உன்னைக் குளிப்பாட்டி விட்டுரும். எண்ணெய் தேய்ச்சுட்டுப் போய் நிண்ணா, சீயக்காய்க்கு வேலையே இல்ல” என்பேன். கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். தண்ணீர்ப் பஞ்சத்தில் இருக்கிறவனுக்கு அருவிக் கதை சொல்வது பசித்தவனுக்குக் கல்யாணச் சாப்பாட்டைச் சொல்வது மாதிரி. இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டம் சேர்ந்ததும் அதற்கு ஒரு பெயர் வைத்தேன்: ‘அருவி ஸ்நான சங்கம்.’ வருஷத்துக்கு ஒரு முறை எல்லாரும் குற்றாலம் போய்க் குளிப்பது சங்கத்தின் நோக்கம். வேறு நோக்கம் கிடையாது.

எதிர்ப்பு உடனே வந்தது. பேச்சுக் கழகத்துக் காரியதரிசி கோவிந்தராஜன் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். வாய் அவனுக்குச் சொத்து.

“ஏண்டா சங்கரலிங்கம், உங்க ஊர்ல தண்ணி மேலேர்ந்து தொப்புன்னு விழறதுங்கறே. எங்க ஊர்ல அது மரியாதையா தரையில போறது. விழற தண்ணிக்கு ஒரு சங்கமா?”

சிரித்தார்கள். எனக்கு ஊரையே அடித்தது மாதிரி இருந்தது. என்ன ஆனாலும் இந்தச் சங்கத்தை நிலைநாட்டிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

புதுச் சங்கம் என்றால் ஒரு பேராசிரியர் தலைவராக வேண்டும்; முதல் கூட்டத்தை அவரே தம் வாயால் தொடங்கிவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகம் அதைச் சங்கம் என்று ஒப்புக்கொள்ளும். நான் போய்க் கேட்ட பேராசிரியர்கள் எல்லாரும், குளிப்பதற்குத் தலைவர் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தர்க்கப் பேராசிரியர் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

“மிஸ்டர் சங்கரலிங்கம், கண்ணால் காணாததை நான் ஏற்றுக்கொள்வதில்லை. நீர் சொல்கிற அருவியைக் காட்டும். அதன் கீழே நான் நிற்கிறேன். நின்றால் தலைவர், நிற்காவிட்டால் உமக்குச் சங்கம் இல்லை. சரிதானா?”

அந்த மனிதரை இன்றைக்கு நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. படிப்பில் கடைசி வரிசைக்காரன் ஒருவன் குளியலுக்குச் சங்கம் என்று வந்து நிற்கிறான். அவனை உட்காரவைத்துக் கேட்டு, நிபந்தனையும் சொல்லி அனுப்புகிறவர் எத்தனை பேர்!

ஆடி மாதத்தில் சில நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தது. ரயில் ஏறினோம். கோவிந்தராஜனும் ஏறினான். “நான் மெம்பர் இல்லே. சாட்சி. இல்லாத அருவிய நேர்ல பார்த்துட்டு வந்து விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துல சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமோல்லியோ?” என்றான்.

விடிந்து தென்காசியில் இறங்கியதும் காற்று வந்தது பாருங்கள். வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய காற்று. மேற்கே மலையைக் காணோம். மேகம் மூடிக் கிடந்தது. பொடித் துளி நாலைந்து முகத்தில் விழுந்தது. எனக்கு மார்பு ஒரு சாண் உயர்ந்துவிட்டது. “சார், இந்தக் காத்து வந்தாச்சுன்னா அருவி விழுதுன்னு அர்த்தம். இதுக்குமேல சாட்சி வேண்டாம்” என்றேன். பேராசிரியர் கண்ணாடியில் விழுந்த துளியைத் துடைத்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் ‘அருவியில தண்ணி விழுதா?’ என்று கேட்பவன் வெளியூர்க்காரன். ரயிலடியில் இறங்கியதும் வண்டிக்காரரிடமும் காப்பிக் கடையிலும் அவன்தான் கேட்பான். தென்காசிக்காரன் கேட்கமாட்டான். காற்றை முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்வான், அல்லது தெரிந்ததுபோல் நடப்பான். அன்றைக்கு வெளியூர்க்காரர் இருபது பேருக்கு முன்னால் நான் அந்தக் கேள்வியை வாயைத் திறந்து கேட்பேனா?

பேராசிரியருக்காக வண்டி பேசினேன். வண்டிக்காரர் மாடசாமி அண்ணாச்சி என்னைச் சின்ன வயசு முதல் அறிந்தவர்.

“குத்தாலத்துக்கா தம்பி? இன்னைக்கா?”

“ஏன் அண்ணாச்சி, குத்தாலம் இருக்குல்லா?”

“இருக்கு. மலை இருக்கு. பாறை இருக்கு. கொரங்கு இருக்கு...”

“போதும். வண்டியக் கொண்டாங்க” என்றேன். மனிதர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் திரும்பி நடந்துவிட்டேன்.

எங்கள் வீடு ஊரின் மேற்குக் கடைசியில், குற்றாலம் போகிற சாலையில் இருந்தது. அண்ணன் பண்ணையாளை அழைத்துக்கொண்டு செங்கோட்டைச் சந்தைக்குப் போயிருந்தார். மதினி ஒருத்தியாக நின்று இருபது பேருக்கு இட்டிலி அவித்துப் போட்டாள். சாப்பிட்டதும் நான் எண்ணெய் கேட்டேன். ஊரார் பலரும் அருவிக்கரைக்குப் போய்த்தான் எண்ணெய் தேய்ப்பார்கள். என் கொள்கை வேறு: எண்ணெய் உடம்பில் ஊற வேண்டும், வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு வெயில் படக் குற்றாலம்வரை நடந்தால் போய்ச் சேரும்போது பதமாக இருக்கும். (இந்தக் கொள்கையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தது.)

மதினி தகர டின்னோடு வந்தாள். “போன வாரம் உங்க அண்ணன் குளிச்சுட்டு வந்தாக, நல்லா விழுதுன்னாக. நேத்தும் இன்னைக்கும் விழுதாமா தம்பி? யார்ட்டயாவது கேட்டியளா?”

“தென்காசிக்காரன்ட்ட கேக்குற கேள்வியா மதினி இது?”

மதினி பிறந்த ஊர் கடையம். “கடையத்துக்காரி கேட்டது தப்புதான்” என்று டின்னைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேராசிரியர் முதலில் தயங்கினார். பிறகு தலைப்பாகை, கோட்டு, சட்டை எல்லாவற்றையும் வரிசையாகக் கழற்றி மடித்து வைத்து, இடுப்பில் ஒரு துண்டோடு மணையில் உட்கார்ந்து, “தேயும்” என்றார். கரும்பலகைக்கு முன்னால் நாங்கள் நடுங்கிக்கொண்டு பார்த்த மனிதரின் முதுகில் நான் எண்ணெய் தேய்த்தேன். முதுகு முடிகிற வழியாக இல்லை.

அப்படியே நேரே மேற்கே போயிருந்தால் அவமானம் பாதியோடு போயிருக்கும். சங்கம் என்றால் ஊர்வலம் வேண்டாமா? குற்றாலம் மேற்கே இருக்க, நான் ஊர்வலத்தைக் கிழக்கே திருப்பினேன். கோயிலைச் சுற்றி ரதவீதி நான்கிலும் போனோம். முன்னால் மாடசாமி அண்ணாச்சியின் வண்டியில் பேராசிரியர். பின்னால் துண்டு கட்டிய இருபது எண்ணெய் உடம்புகள். ‘அருவி ஸ்நான சங்கம்’ என்று எழுதிய துணியை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். நானே கட்டிய பாட்டு ஒன்றை எல்லாரும் பாடினோம். (அந்தப் பாட்டு இங்கே வேண்டாம்.) வண்டிக்குள் விரித்திருந்தது ஓலைப்பாய். எண்ணெய் முதுகும் ஓலைப்பாயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்கவில்லை. வண்டி மேட்டில் ஏறினால் பேராசிரியர் வழுக்கிக்கொண்டு பின்பக்கம் வந்து காலை வெளியே நீட்டுவார். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் போய் அண்ணாச்சியின் முதுகில் முட்டுவார். ரதவீதியில் பெண்கள் வாசலுக்கு வந்து சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒரு பெரியவர் கேட்டார்: “ஏலே, யாருலே இவுகள்லாம்? மொத்தமா எங்கன போறாவ?”

“யுனிவர்சிட்டி, தாத்தா!” என்று நான் கத்தினேன்.

“அங்கன குளிக்கத்தான் சொல்லித் தாராவளா?” என்று அவர் வியந்துபோய்க் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மேற்குச் சாலையில் காற்று எதிரே அடித்தது. புழுதியை அள்ளிக்கொண்டு வந்து எங்கள்மேல் பூசிற்று. சாலை ஓரத்துப் புளியமரங்கள் இலையை உதிர்த்தன. ஒன்றும் தரையில் விழவில்லை. எல்லாம் எங்கள்மேல் ஒட்டிக்கொண்டது. நான் தளரவில்லை. “எல்லாம் அருவியில போயிரும்!” என்று உற்சாகப்படுத்திக்கொண்டே வந்தேன்.

குற்றாலம் வந்தது. எதிரே ஈரத் துணியோடு ஒருத்தராவது வரவேண்டாமா? வரவில்லை. இரைச்சல் கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. மேகம் சற்று விலகிற்று. அண்ணாந்து பார்த்தோம்.

பாறை. அவ்வளவுதான். எங்கள் தெருவில் வீடு கட்டுகிற கொத்தனார் விட்டுப்போன சுவர் மாதிரி, உச்சி முதல் அடி வரை வெறும் பாறை. ஓரிடத்தில் மட்டும் சுவரில் எண்ணெய் கசிவதுபோல ஒரு ஈரக்கோடு. அதை நக்கிக்கொண்டு நாலைந்து குரங்குகள் உட்கார்ந்திருந்தன. எங்களைப் பார்த்ததும் அவை பயந்துபோய் மேலே ஏறிக்கொண்டன. குற்றாலத்துக் குரங்கு பயந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மாடசாமி அண்ணாச்சி நுகத்தடியில் சாய்ந்து நின்றார்.

“அண்ணாச்சி, நீங்களாவது சொல்லக் கூடாதா?” என்றேன் அழாத குறையாக.

“சொன்னேன்லா? மலை இருக்கு, பாறை இருக்கு, கொரங்கு இருக்குன்னு சொன்னேன். தண்ணி இருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்? மேல மழை நிண்ணு நாலு நாளாச்சு. வெறுங்காத்துதான் அடிக்கி.”

“ஐந்தருவி?”

“அங்கன இதே பாறை அஞ்சு இடத்துல இருக்கு.”

ஆற்றில் இறங்கலாம் என்றால் ஆற்றுக்குத் தண்ணீர் கொடுப்பதே அருவிதான். அங்கங்கே குட்டை, குட்டைகளில் எருமைகள், அவை நகர்ந்து இடம் கொடுப்பதாக இல்லை.

பேராசிரியர் வண்டியிலிருந்து வழுக்கி இறங்கிப் பாறையின் முன் நின்றார். “மிஸ்டர் சங்கரலிங்கம்,” என்றார் அமைதியாக, “காற்று இருந்தால் அருவி உண்டு என்றீர். காற்று இருக்கிறது.” மிச்சத்தைக் கோவிந்தராஜன் சொன்னான். “சார், இந்தச் சங்கத்துக்கு நான் மெம்பரா சேர்ந்துக்கறேன். வருஷா வருஷம் வந்து இந்தச் சுவத்தைப் பாத்துட்டுப் போகலாம்.”

திரும்புகிற வழியில் பாட்டு இல்லை. துணிப் பதாகையைச் சுருட்டி யாரோ தலையில் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போகிறவன், வேலைக்கு எழுதிப் போடுகிறவன், கடை திறக்கிறவன் யாரானாலும் அவனிடம் முதலில் கேட்கிற கேள்வி, “எண்ணெய் தேய்ச்சாச்சா?” என்பதுதான். கேட்டுவிட்டு எல்லாரும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பேரன் பிள்ளைகள்வரை இது வந்துவிட்டது. எண்ணெய் என்றால் என்ன கதை என்று தெரியாத குழந்தைகூட அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்க்கிறது.

வீட்டு முற்றத்தில் வந்து நின்றபோது பேராசிரியர், “மாலை ரயிலுக்கு நேரம் இருக்கிறதல்லவா?” என்று கேட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சங்கம் முடிந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் கோவிந்தராஜன் எழுந்து நிற்பான். இனி அந்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எதைப் பேசுவேன்? அப்போதுதான் மதினி வெளியே வந்து எங்களை ஒரு வரிசையாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எண்ணெய் தேய்க்கத் தெரிந்ததே என்று அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பேராசிரியர்தான் பதில் சொன்னார்: “அம்மா, கேள்வி மிகச் சரியானது. தர்க்கம் கற்பிக்கிற எனக்கே தோன்றவில்லை.”

மதினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பெரிய மனிதர், கோலம் கெட்டு நிற்கையிலும், பழியைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறார். அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று என்று முகத்தில் தெரிந்தது. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். “எல்லாரும் தோட்டத்துக்கு வாங்க” என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்கு நடந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் தோட்டக் கிணறு. அதில் கமலை. மாடுகள் சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டு, பெரிய இரும்புச் சால் கிணற்றிலிருந்து மேலே வரும்; வந்ததும் அதன் தோல்வாய் வழியாக ஒரு அண்டாத் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகத் தொட்டியில் கொட்டும். அதை ஓட்டுவது பண்ணையாள். பெண்கள் ஓட்டி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. மதினி கடையத்துத் தோட்டக்காரர் மகள். பிறந்த வீட்டில் ஓட்டியிருக்கிறாள் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மாடுகள் இரண்டும் அவள் கொண்டுவந்து பூட்டும்வரை வாலைக்கூட ஆட்டவில்லை.

“சார்வாள், தொட்டிக்குள்ள எறங்கி அந்தத் தோல்வாய்க்கு நேரா உக்காருங்க. கண்ணை மூடிக்கிடுங்க. தொறந்தா கெணறு, மூடுனா குத்தாலம்.”

பேராசிரியர் இறங்கினார். உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மதினி வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தாள். மாடுகள் சரிவில் ஓடின. சால் ஏறி வந்தது. அவ்வளவு தண்ணீரும் திமுதிமுவென்று அவர் உச்சந்தலையில் இறங்கிற்று. எண்ணெயும் புழுதியும் புளிய இலையும் ஒன்றாகக் கலந்து வாய்க்காலில் ஓடின. அவர் மூச்சுத் திணறினார், தும்மினார், தலையைச் சிலுப்பினார், கடைசியில் சிரித்தார். எத்தனையோ வகுப்புகளில் அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

“மிஸ்டர் சங்கரலிங்கம்!” என்று கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டார். “கண்ணால் கண்டால்தான் ஏற்பேன் என்றேன். இந்த அம்மாள் கண்ணை மூடச் சொல்லிவிட்டார். இதற்கு என் சாஸ்திரத்தில் பதில் இல்லை. கீழே நின்றால் தலைவர் என்று சொன்னேன், உட்கார்ந்தே இருக்கிறேன். சங்கம் தொடங்கிற்று!”

நாங்கள் கை தட்டினோம். எண்ணெய்க் கைகள், சத்தம் வரவில்லை, வழுக்கிக்கொண்டு போயின. கோவிந்தராஜன் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு தொட்டிக்குள் குதித்து, “அடுத்தது நான்! மெம்பர்! மெம்பர்!” என்று கத்தினான். பேராசிரியர் தொட்டியில் எழுந்து நின்று மதினியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவள் அதைப் பார்த்தமாதிரி காட்டிக்கொள்ளவில்லை. மாடுகளைத் தட்டிக்கொடுத்துப் பின்னுக்கே நடத்தி மேட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். சால் கிணற்றுக்குள் முங்குகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள். கேட்டதும் மறுபடி வடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.